பெருநிறுவனத்தில் தலைமைக் கட்டமைப்பாளர்

வேலூருக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலைத்தொடரின் காட்டிடையே அமைந்துள்ளது அமிர்தி. 1967-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பெற்ற சிறு மிருகக்காட்சிசாலையும், மழைக்காலத்தில் பெருகி வீழும் அருவியும், அதனின்று வரும் ஓடையும் அவ்விடத்திற்குப் பெயர் தந்தன. சென்ற ஆண்டில், கணிப்பொறியியல் பயிலும் இறுதி வகுப்பு மாணவர் சிலருடன் யாம் அங்குச் சென்றிருந்தோம். காட்டின் வனப்பை வருணித்தல் இக்கட்டுரையின் கருத்தன்று. அதனை எம்மினும் வல்லார் இப்பகுதியில் எழுதுவர். ஆங்கு நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றும், அதனைத் தொடர்ந்து எழுந்த வினாவொன்றும் எம்மை இதனை எழுதத் தூண்டின.

மாணவர் ஒருவர் வழியிலிருந்த கடையில் தேநீர் அருந்திவிட்டு, கைப்பேசி வாயிலாகப் பணம் செலுத்த முயன்றார். அட்டையில் அச்சிட்டிருந்த சதுரக் குறியின்முன் கைப்பேசியை நெடுநேரம் பிடித்து நின்றும் பயனில்லை. கடைக்கார அம்மையார் அதனைக் கண்டு, "மலைக்கிட்ட அது இழுக்காது தம்பி, சில்லறை இருந்தா குடுங்க," என்றார். எம்மிடம் சில்லறை இருந்தது, கணக்குத் தீர்ந்தது.

அம்மாணவர் சென்னையிலுள்ள பெருநிறுவனம் ஒன்றில் வேலை உறுதி பெற்றிருந்தவர். 'எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்னும் பிரிவில் அவர் அமர்த்தப்பெறுவார் என்று நியமனக் கடிதம் கூறியது. ஓடைக்கரைப் பாறையில் அமர்ந்தபின் அவர் எம்மை நோக்கி, "ஐயா, அப்பிரிவின் தலைவர் நிரல் எழுதுவதில்லையாம், யந்திரங்களைக் காப்பதில்லையாம், பொருள் விற்பதுமில்லையாம். ஆயினும் அவரைக் கேளாமல் அங்கு ஒன்றும் நடவாதாம். அவர் செய்வதுதான் யாது?" என்று வினவினார். அன்று யாம் கூறிய விடை நிரம்பவில்லை. அதனை ஈண்டு நிரப்ப முயல்கின்றோம்.

'எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்' என்பதனை நிறுவனக் கட்டமைப்பு எனவும், அதற்குத் தலைமை பூண்டவரைத் தலைமைக் கட்டமைப்பாளர் எனவும் இக்கட்டுரையில் வழங்குவாம். ஒரு பெருநிறுவனத்தில் ஓடும் கணிப்பொறி முறைகள் நூற்றுக்கணக்கின. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக, வெவ்வேறு கைகளால் செய்யப்பட்டது. அவற்றுள் எது ஒன்றாய் இருத்தல் வேண்டும், எது பலவாய் இருத்தல் தகும் என்று ஆராய்ந்து தெளிந்து, அத்தெளிவைப் பிறர் மனமொப்பி ஏற்கச் செய்தலே அவர் தொழில். இதனைச் சொல்லுதல் எளிது. செய்தல் எத்துணை அரிது என்பதை நம் நாட்டார் அனைவரும் அறிந்ததோர் எடுத்துக்காட்டினால் விளக்குவாம்.

இருப்புப்பாதைப் பிரயாணத்திற்கு இடம் பதிவு செய்வதற்குப் பெரிய பேரேடுகள் வழங்கிய காலத்தை நம் பழைய மாணவர் பலர் நினைவுகூர்வர். இன்ன வண்டிக்கு இன்ன சாளரம் என்பது முறை. தவறான வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றவர், மீண்டும் வேறொரு வரிசையின் வாலில் போய் நிற்பார். திரும்பி வருவதற்கு இடம் வேண்டின், நிலையத்தார் அவ்வூர்க்குத் தந்தி கொடுத்து விடைக்குக் காத்திருப்பர். 1985-ஆம் ஆண்டில் புது தில்லியில் கணிப்பொறிப் பதிவு முறை வெள்ளோட்டமாகத் தொடங்கியது. சி.எம்.சி. என்னும் அரசு நிறுவனம் செய்த அம்முறைக்கு 'இம்ப்ரெஸ்' என்று பெயர். பின்வந்த ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய நகரங்களிலும் பதிவு நிலையங்கள் எழுந்தன. (சென்னையில் மூர் மார்க்கெட் தீக்கிரையானதும் அதே 1985-ல்தான். அவ்விடத்தில் எழுந்த இரயில்வே கட்டிடம் இன்றும் அப்பழைய அங்காடியின் பெயரையே தாங்கி நிற்கின்றது. எரிந்த கட்டிடத்தினும் பெயர் நெடுநாள் வாழும் போலும்!)

மக்கள் மகிழ்ந்தனர். எந்தச் சாளரத்திலும் அந்நிலையத்திற்குரிய எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறலாயிற்று. ஆயினும் ஒரு குறை நின்றது. சென்னைக் கணிப்பொறி சென்னைக்குரிய வண்டிகளையே அறியும். தில்லிக் கணிப்பொறி தில்லிக்குரியவற்றையே அறியும். ஐந்து பேரறிஞர் ஐந்து அறைகளில் கதவடைத்து அமர்ந்திருந்ததை ஒக்கும் அது. தில்லி சென்று மீள விரும்பிய வேலூர்க்காரருக்கு, மீளும் இடம் பற்றிய கவலை பேரேட்டுக் காலத்தைப் போலவே நீடித்தது.

ஈண்டு மாணவர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். இக்குறை நிரல் எழுதினோர் பிழையன்று. ஒவ்வொரு நிலையமும் தனக்கு இட்ட பணியைச் செவ்வனே செய்தது. ஐந்தையும் ஒருங்கு நோக்கிக் கேட்க வேண்டிய வினா வேறு: ஐந்தையும் அழித்து நாடு முழுமைக்கும் ஒரே பெருங்கணிப்பொறி அமைப்பதா? அன்றி ஐந்தும் தனித்திருக்க, அவை தம்முள் உரையாடுமாறு செய்வதா? ஒன்றே அமைப்பின் மேலாண்மை எளிது. ஆனால் அஃது ஒரு நாழிகை நின்றால் நாடெங்கும் சாளரங்கள் மூடப்படும். அக்காலத்துத் தொலைபேசிக் கம்பிகளை நம்பிக் குமரி முதல் இமயம் வரை ஒரே இடத்தை நோக்கியிருத்தல் துணிகரமானது. ஐந்தும் உரையாடின் இத்துன்பம் குறையும். ஆனால் ஒரே படுக்கையைச் சென்னையில் ஒருவருக்கும் தில்லியில் ஒருவருக்கும் ஒரே நொடியில் விற்றுவிடும் அபாயம் தோன்றும்.

1986-ல் நிறுவப்பெற்ற 'கிரிஸ்' என்னும் இரயில்வே தகவல் முறை நடுவம் இரண்டாம் வழியைத் தெரிந்தது. அதன் பயனாகப் பிறந்த 'கன்ஸர்ட்' என்னும் முறை 1994-ல் செகந்தராபாத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது; 1999 ஏப்ரலில் ஐந்து நிலையங்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. அதன் உட்கருத்து மிக எளியது. ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இல்லம் உண்டு. அவ்வண்டியின் இருக்கைக் கணக்கு அந்த இல்லத்தில் மட்டுமே எழுதப்படும். நாட்டின் எந்தச் சாளரத்தில் எவர் கேட்பினும், அக்கேள்வி அந்த இல்லத்தைத் தேடிச் சென்று விடை கொண்டு மீளும். படியெடுத்து ஐந்து இடத்தில் வைத்தல் இல்லை. ஆகலின் ஒரு படுக்கை இருவருக்கு விற்கப்படுவதும் இல்லை. சாளரங்கள் பல, கணக்கு ஒன்று.

இத்தீர்மானத்தின் அருமை பின்னரே புலனாயிற்று. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையத்தின் வழியே சீட்டு விற்கத் தொடங்கியபோது, அதற்கெனப் புதிய இருக்கைக் கணக்கொன்று ஏற்படுத்த வேண்டியிருக்கவில்லை. இணையமும் மற்றொரு சாளரமாயிற்று, அவ்வளவே. தொடக்கத்தில் அச்சீட்டு கூரியர் வழியாக வீடு வந்து சேர்ந்ததை நினைந்தால் இன்று நகைப்பு வரும். 2014-ல் அவ்விணைய வாயிலைப் புதுப்பித்தபோது, நிமிடத்திற்கு 2,000 சீட்டு என்றிருந்த ஆற்றல் 7,200 ஆக உயர்த்தப்பட்டது. வாயிலை மாற்றினர், கணக்கு தன் இல்லத்திலேயே இருந்தது. இன்னது மாறும், இன்னது மாறாது என்று முற்கூட்டியே பிரித்து வைத்ததனால் விளைந்த நன்மை இது. தட்கல் நேரத்தில் சீட்டுக் கிட்டாமல் வருந்தும் அன்பர்கள் எம்மைச் சினவாதிருப்பாராக. படுக்கைகள் குறைவாயிருத்தல் கட்டமைப்பாளர் குற்றமன்று.

இத்தகைய சிந்தனைக்கு ஒரு தனித் துறையாக வடிவு வந்தது சென்ற நூற்றாண்டின் இறுதியிலேயாம். ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்த ஜான் ஸாக்மன் என்பார் 1987-ல் வெளியிட்ட கட்டுரையொன்று இதன் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. வீடு கட்டுவோன் கையிலுள்ள வரைபடமும், வீட்டுக்குரியவன் மனத்திலுள்ள படமும், தச்சன் காணும் அளவும் வெவ்வேறாயினும் ஒரே வீட்டைக் குறிப்பன; அவ்வாறே நிறுவனத்தின் கணிப்பொறி முறைகளையும் பலர் பார்வையில் வரைந்து பொருத்திக் காணல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1995-ல் 'டோகாஃப்' என்னும் நெறிநூல் தோன்றிற்று. 1996-ல் அமெரிக்க ஐக்கிய நாட்டுச் சட்டமொன்று, அரசுத் துறைகளின் தகவல் தலைவர்கள் இத்தகைய கட்டமைப்பைப் பேணுதல் கடமை என விதித்தது. நம் நடுவண் அரசும் 2018-ல் தனக்கென ஒரு கட்டமைப்பு நெறியை வெளியிட்டது. இவற்றை மாணவர் பயில்வது நன்றே. ஆனால் நெறிநூல் கற்றவரெல்லாம் கட்டமைப்பாளர் ஆகார், யாப்பிலக்கணம் கற்றவரெல்லாம் கவிஞர் ஆகாதவாறு போல.

இவற்றினும் எமக்கு மிக்க பயன் தந்தது, மெல்வின் கான்வே என்பார் 1968-ல் எழுதியதொரு கருத்து. ஒரு நிறுவனம் செய்யும் எந்த முறையும், அந்நிறுவனத்தார் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்கின்றனரோ அவ்வடிவையே பெறும் என்றார் அவர். பேசாத இரு துறைகளின் கணிப்பொறிகளும் பேசா. ஆகவே கணிப்பொறிகளைப் பேசுவிக்க முயல்வோர் முதற்கண் மனிதரைப் பேசுவித்தல் வேண்டும். தலைமைக் கட்டமைப்பாளர் தம் நாளின் பெரும்பகுதியைக் கூட்டங்களிலும் உரையாடல்களிலும் கழிப்பதன் காரணம் இதுவே, சோம்பலன்று.

நம் ஊர்ப்புறத்துக்கே வருவோம். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் வாணிகத்தால் உலகறிந்தன. அங்குள்ளதொரு நிறுவனம் எனக் கற்பித்துக் கொள்வோம். அதற்குத் தோல் பதனிடும் ஆலை ஒன்று, காலணி செய்யும் தொழிற்சாலை ஒன்று, சென்னையில் ஏற்றுமதி அலுவலகம் ஒன்று. ஆலையார் தோலைச் சதுர அடியில் அளப்பர். தொழிற்சாலையார் ஜோடிக் கணக்கில் எண்ணுவர். ஏற்றுமதியார் டாலரிலும் யூரோவிலும் நினைப்பர். ஜெர்மானிய நாட்டுக் கொள்முதலாளர் ஒருவர் மூவரிடமும் வாணிகம் செய்கின்றார். ஆலையின் கணக்கில் அவர் பெயர் ஒருவிதமாக எழுதப்பட்டுள்ளது. தொழிற்சாலையில் அவருடைய இந்திய முகவர் பெயரால் பதிவாகியுள்ளார். சென்னையிலோ வங்கிக் கடிதத்திலுள்ள முழுப்பெயர். ஒருவர் மூவராயினார்!

ஒருநாள் முதலாளி கேட்கின்றார்: "அந்த ஜெர்மன்காரர் நமக்கு மொத்தம் எவ்வளவு தர வேண்டும்?" மூன்று விடைகள் வருகின்றன. மூன்றும் மெய், மூன்றும் பயனற்றன. ஆலைக்குப் பாக்கி வைத்திருப்பவருக்கே தொழிற்சாலை கடன் நீட்டித்துக்கொண்டிருக்கின்றது.

இதனைக் கண்டு ஆத்திரமுற்ற புதிய தலைவர் ஒருவர், "இனி எல்லாம் ஒரே முறை, அளவும் ஒன்றே, பழைய நிரல்கள் யாவும் ஒழிக" என்று ஆணையிடுவாராயின், ஆறு மாதத்தில் ஆலை நின்றுவிடும். பதனிடுவோனுக்குச் சதுர அடி வேண்டும்; அதனை ஜோடியாக மாற்றச் சொல்லுதல் அறியாமை. ஐரோப்பிய அளவில் 42 என்பதும் ஆங்கில அளவில் 8 என்பதும் ஏறக்குறைய ஒரே காலுக்குரியன. இரண்டும் இருந்தே தீரும், வாங்குவோர் இரு வகையினராதலின். பொதுவாக்க வேண்டியன மிகச் சிலவே: வாங்குவோர்க்கு ஓர் அடையாள எண், பொருளுக்கு ஓர் எண், ஒரு கட்டளைக்கு ஓர் எண். இம்மூன்றும் எங்குப் பிறக்கும், யார் அவற்றைத் திருத்தலாம் என்பது உறுதிப்பட்டால், மற்றவை அவரவர் வழக்கப்படி நடக்கட்டும். தக்க கட்டமைப்பாளர் பத்துத் தீர்மானங்களில் ஏழில், "இது உங்கள் விருப்பம்" என்று விட்டுவிடுவார். எஞ்சிய மூன்றில் அசையார்.

எஞ்சிய மூன்றில் அசையாதிருத்தல்தான் இடர்ப்பாடு. கோயில் எழுப்பும் ஸ்தபதியைத் தலைமைக் கட்டமைப்பாளருக்கு உவமை கூறுவதுண்டு. ஒரே முழக்கோலின் அளவில் பல கைகள் வேலை செய்தமையாலன்றோ வேலூர்க் கோட்டையிலுள்ள ஜலகண்டேசுவரர் கோயிற் கலியாண மண்டபம் ஒரே மனத்தில் உதித்தது போல் நிற்கின்றது என்பர். உவமை அழகியது, ஆயினும் முழுதும் பொருந்தாது. ஸ்தபதியின் சொல்லைச் சிற்பியர் கேட்பர். கட்டமைப்பாளரின் சொல்லைக் கேட்க வேண்டும் என்ற கடப்பாடு துறைத் தலைவர் எவர்க்கும் இல்லை. அவர்தம் ஊதியமும் பதவி உயர்வும் அவர் கையில் இல்லை. பணமும் அவர் கையில் இல்லை. மேலும் கோயில் கட்டி முடித்தபின் குடமுழுக்கு; இங்கோ பூசை ஒருநாளும் நில்லாமல் நடக்க, தூண்களை ஒவ்வொன்றாக மாற்றல் வேண்டும். ஊதியம் வழங்கும் நிரல் இருபதாண்டுப் பழையதென்று முப்பதாந் தேதி அதனை நிறுத்திவிட இயலுமோ?

ஆகவே அவருக்குள்ள படைக்கலம் மூன்று. முதலாவது, உண்மை நிலையின் பட்டியல்: எத்தனை முறைகள் ஓடுகின்றன, எதற்கு யார் உரியவர், எது எதனைச் சார்ந்துள்ளது, எதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு செலவு என்பன. இப்பட்டியல் மிக எளிய வேலை என்று கருதப்படுகின்றது. யாம் கேட்டறிந்த அளவில், முழுமையான பட்டியல் வைத்திருப்போர் அரியர். இரண்டாவது, ஆய்வுக் குழு: புதிய முறை எதுவும் வாங்கப்படுமுன் அல்லது செய்யப்படுமுன் அக்குழுவின்முன் வைக்கப்படும், விதிவிலக்கு வேண்டுவோர் காரணமும் காலவரையும் எழுதித் தருவர். மூன்றாவதும் தலையாயதும் அவர்மீது பிறர் வைத்த நம்பிக்கை. துன்ப நாளில் உடனிருந்து உதவியவர் சொல்லைத்தான் இன்ப நாளில் பிறர் கேட்பர். நள்ளிரவில் முறை பழுதுற்றபோது வாராமல், மறுநாட் காலையில் வரைபடத்துடன் வரும் தலைவரை நிரலாளர் மதிப்பதில்லை, மதிக்கவும் வேண்டா.

இவர் வேலை நன்கு நடந்ததா என்பதை அறிதல் கடினம். வாராமல் தடுத்த துன்பத்தை எவர் காண்பர்? எப்போதாவது ஒருமுறை வெளிப்படும். 2017 ஏப்ரல் 1-ஆம் நாள் ஐதராபாத், மைசூர், திருவாங்கூர் முதலிய ஐந்து துணை வங்கிகள் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்தன. அவ்வங்கிகள் பல்லாண்டுகளுக்கு முன்னரே ஸ்டேட் வங்கியின் குழுவில் இருந்து ஒரே வகையான மைய வங்கி முறையை மேற்கொண்டிருந்தமையால், கணக்குகளை ஒன்றுசேர்க்கும் பணி பெருமளவு எளிதாயிற்று. அப்பொது முறையை முதலில் வற்புறுத்தியவர்கள் இணைப்பு நாளை மனத்திற் கொண்டா செய்தனர்? கொள்ளாவிடினும் பயன் கிடைத்தது.

எதனைச் சேர்ப்பது என்பதினும் எதனை விடுப்பது என்பதே சிலவேளை பெரிய தீர்மானம். 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்துத் தெம்பிலி என்னும் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பிரமோத் வர்மா தலைமைக் கட்டமைப்பாளராயிருந்த அம்முறையில், 12 இலக்க எண்ணுக்குள் ஒருவர் பிறந்த ஊரோ வயதோ குலமோ குறிப்பாகவும் அமையவில்லை. எண்ணைக் கண்டு எவரையும் தரம் பிரிக்க இயலாது. இது போற்றத்தக்கது. ஆயினும் அவ்வெண்ணை யார் யார் கேட்கலாம் என்பதனைக் கட்டமைப்பு தீர்த்துவிடவில்லை. தனியார் நிறுவனங்கள் சட்டத்தின் 57-ஆம் பிரிவைக் காட்டி அதனைக் கேட்டது செல்லாதென்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறவேண்டியிருந்தது. கட்டமைப்பாளர் தம் எல்லையை அறிதல் நன்று. யந்திரத்தால் முடிவது ஒன்று. முறைமன்றத்தால் முடிவது பிறிதொன்று.

இத்தொழிலுக்குரிய குற்றங்களையும் மறையாது கூறுதல் கடன். வரைபடத்தின் அழகில் மயங்கி அதனையே வேலையென்று கொள்வது ஒன்று. சுவரில் தொங்கும் படமும் கீழ்த்தளத்தில் ஓடும் முறையும் முற்றும் வேறாயிருந்த நிறுவனங்கள் உண்டு. அவற்றின் பெயர் வேண்டா. அயல்நாட்டில் எழுந்த புதிய வழக்கத்தை ஆண்டுதோறும் மாற்றி அணிவது மற்றொன்று. எல்லாவற்றிற்கும் "கூடாது" என்றே விடையிறுத்து, பிறரைப் புறவாயில் தேடச் செய்வது பிறிதொன்று. இம்மூன்றினும் கொடியதாக யாம் கருதுவது, தம் அலுவலகத்தின் மின்னொளியையும் விரைந்த இணைப்பையும் உலகமெங்கும் உள்ளதென எண்ணிவிடுவது. அமிர்திக் கடையில் கைப்பேசி இழுக்காமற் போனது அக்கருவியின் குற்றமன்று. இணைப்பு இல்லாத இடத்தில் கொடுக்கல் வாங்கல் எவ்வாறு நடைபெறும் என்ற வினா, முறையை வகுத்த மேசையில் எழுந்ததா என்பதே கேள்வி. ஒரு காசு வரவைக் குறித்துவைத்துப் பின்னர்ச் சேர்த்தெழுதும் வழி பேரேட்டுக் காலத்தில் எளிய கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. விரைவு மிக்க நம் முறைகள் சில, இணைப்பு அறுந்தவுடன் ஊமையாகின்றன. கடைசிச் சாளரத்தில் நிற்பவரை வினவாது வகுத்த முறைக்கு நேரும் கதி இது. அச்சாளரம் சென்னையில் இராது, மலையடிவாரத்தில் இருக்கும்.

இக்காரணத்தால் இப்பணியை விரும்பும் மாணவருக்கு யாம் கூறுவது, முதலில் சில ஆண்டுகள் நிரல் எழுதுக. பழுதுற்ற முறையை நள்ளிரவில் செப்பம் செய்க. வரவுசெலவுக் கணக்குப் படிக்கக் கற்க. பண்டகசாலையிலும் விற்பனைச் சாளரத்திலும் போய் நின்று பார்க்க. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்தில் ஒரு கருத்தைத் தெளிய எழுதப் பழகுக. இவற்றுள் கடைசியதை எம் மாணவர் மிக இகழ்கின்றனர். பத்துப் பக்கப் படத்தால் இணங்காத துறைத் தலைவர், தெளிவான ஒரு பக்கக் கடிதத்தால் இணங்குவதுண்டு.

ஓடைக்கரையில் வினவிய மாணவர் இவ்வாண்டுத் தொடக்கத்தில் எமக்கு எழுதியிருந்தார். வேலையிற் சேர்ந்தவுடன், நிறுவனத்தில் ஓடும் முறைகள் அனைத்திற்கும் பட்டியல் எடுக்கும்படி அவரிடம் பணிக்கப்பட்டதாம். கல்லூரியில் கற்ற எதற்கும் இது தொடர்பற்றதென முதல் வாரம் மனம் சோர்ந்ததாகவும், இப்போது இருநூறு வரிகளுக்கு மேல் எழுதிவிட்டதாகவும், அவற்றுள் பதினொரு முறைகளுக்கு உரியவர் யாரென எவருக்கும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார். அவற்றுள் ஒன்று ஒவ்வோர் இரவும் ஏதோ ஒரு கணக்கை எங்கேயோ அனுப்புகின்றது. நிறுத்தவும் எவரும் துணியவில்லையாம். அதனை அனுப்பத் தொடங்கியவரைத் தேடி, ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றார்.